உடைத்த கையும் ஒட்டிய கையும்

1942ஆம் ஆண்டு சனவரித் திங்கள். பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டு ஏழு வாரங்கள்கூட நிறைவுறாத நேரம். நியூயார்க் நகரக் காவலர்கள் மிட்டாய்க் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் கேளிக்கை அரங்குகளிலும் புகுந்து, அங்கு நின்ற விளையாட்டு இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே இழுத்தனர். சில வாரங்களுக்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை பறிமுதலாயின. நகரத் தலைவர் பியோரெல்லோ லகார்டியா அவ்வியந்திரங்களை உடைப்பதையும் கவிழ்ப்பதையும் செய்தித்தாள்கள் படமாக வெளியிட்டன. உள்ளிருந்த செம்பும் எஃகும் போர்த் தளவாடங்களுக்குச் சென்றன. மரக்கால்களைக்கூட விட்டுவிடாமல் காவலர்களுக்குத் தடிகளாகச் செதுக்கினர் என்பதும் அந்நாளையக் கதைகளுள் ஒன்று.

சில பத்தாண்டுகள் கழிகின்றன. அதே இனத்தைச் சேர்ந்த இயந்திரம் ஒன்று, அதே நாட்டில், ஓர் இல்லத்தின் நிலவறையில் கால்கள் கழற்றப்பட்டுக் கிடக்கிறது. அதன் முன் ஒருவர் மண்டியிட்டு அமர்ந்திருக்கிறார். கண்ணாடியிலிருந்து உதிரத் தொடங்கிய எள்ளளவு வண்ணத் துணுக்கை மெல்லிய தூரிகையால் தொட்டு, அது பறந்துவிடாதபடி மூச்சையும் அடக்கிக்கொண்டு, இருந்த இடத்திலேயே ஒட்ட முயல்கிறார். ஊதியம் எதிர்பார்த்து அவர் இதைச் செய்யவில்லை. அரசு இட்ட பணியும் அன்று.

சம்மட்டிக்கும் தூரிகைக்கும் இடையே நடந்தது என்ன என்பதே இவ்விளையாட்டின் வரலாறு.

இதன் பெயர் பின்பால். தமிழில் எழுதிப் பார்த்தால், பின்னர்க் கறக்கும் பாலோ என்று மாணவர் மயங்கக்கூடும். உண்மையில் பின் என்பது ஆணியையும் பால் என்பது பந்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள். சரிந்த பலகையொன்றில் ஆணிகள் அறையப்பட்டிருக்கும். பந்து அவற்றின்மீது மோதி மோதித் தடம் மாறி இறங்கி ஏதேனும் ஒரு குழியில் விழும். தொடக்கத்தில் ஆட்டம் அவ்வளவே. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சு நாட்டு மேட்டுக்குடியினர் மேசைமேல் ஆடிய ‘பகடெல்’ என்னும் ஆட்டமே இதன் மூதாதை. அரச குடும்பத்தவர் பகடெல் மாளிகையில் நடத்திய விருந்திலிருந்து அப்பெயர் வந்தது என்பர். கோலால் பந்தைத் தள்ளிய அவ்வாட்டத்தை, சுருள்வில் பூட்டிய இழுகோலால் பந்தை எய்யும் ஆட்டமாக மாற்றியவர் மாண்டேகு ரெட்கிரேவ். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் சின்சினாட்டி நகருக்குக் குடிபெயர்ந்த அவர் 1871இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய இயந்திரத்தின் வலப்புற மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கைப்பிடியின் வயது ஒன்றரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது.

ஆட்டம் வணிகமானது வறுமையின் காலத்தில். 1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வேலையற்றோர் கூட்டம் தெருக்களில் நின்றது. பெரிய கேளிக்கைகளுக்குக் கையில் பணமில்லை; ஒரு சென்ட் காசு மட்டும் இருந்தது. அக்காசுக்கு ஐந்து முதல் ஏழு பந்துகள் தரும் ‘பேஃபில் பால்’ என்னும் மேசைப் பெட்டியைச் சிக்காகோவில் டேவிட் காட்லிப் 1931இல் வெளியிட்டார். விலை பதினேழரை டாலர். ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் விற்றன. தேவைக்கேற்பச் செய்து கொடுக்க அவரால் இயலாத நிலையில், அவருடைய பெட்டிகளை விற்றுவந்த ரேமண்ட் மொலோனி என்பார் தாமே ‘பேலிஹூ’ என்னும் பெட்டியைச் செய்து விற்றார். அதுவும் ஐம்பதினாயிரத்தை எட்டியது. அப்பெயரின் முதற்பகுதியே பேலி நிறுவனத்தின் பெயராயிற்று. கடைக்காரருக்கு முதலீடு சில நாள்களிலேயே திரும்பிவந்த காலம் அது. நலிந்தோரின் கடைசிக் காசில் செழித்த தொழில் என்று இதனைப் பழிப்போரும் உண்டு. நலிந்தோருக்குக் கிடைத்த ஒரே மலிவான மகிழ்ச்சி என்போரும் உண்டு. இரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பதில் வியப்பில்லை.

பின்னர் மின்சாரம் புகுந்தது. ஹாரி வில்லியம்ஸ் வடிவமைத்த ‘காண்டாக்ட்’ (1933) என்னும் இயந்திரத்தில் மின்கலத்தின் ஆற்றலால் குழியிலிருந்து பந்து வெளியே எறியப்பட்டது; மணியும் ஒலித்தது. ஆடுவோர் பெட்டியைத் தூக்கியும் உலுக்கியும் பந்தைத் தமக்கு வேண்டிய குழிக்கு அனுப்புவதைத் தடுக்கவும் வில்லியம்சே வழி கண்டார். முதலில் பெட்டியின் அடியில் ஆணிகளை அறைந்து பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. தூக்கினால் கை கிழியும்! கொடுமையான அவ்வழி கைவிடப்பட்டு, அளவுமீறி அசைந்தால் ஆட்டத்தையே நிறுத்திவிடும் அமைப்பு வந்தது. உலோக வளையம் ஒன்றின் நடுவே ஊசற்குண்டு தொங்கும்; பெட்டி உலுக்கப்பட்டால் குண்டு வளையத்தைத் தொடும்; தொட்ட கணமே மின்சுற்று முழுமையாகி ஆட்டம் முடியும். ‘டில்ட்’ எனப்படும் இவ்வமைப்பு இன்றளவும் ஒவ்வோர் இயந்திரத்திலும் இருக்கிறது. கொஞ்சம் அசைக்கலாம், மிஞ்சி அசைக்கலாகாது என்னும் அந்த எல்லைதான் ஆட்டத்தின் நுட்பமே என்பர் தேர்ந்த ஆட்டக்காரர்.

அதே 1933இல் பேலி நிறுவனம் ‘ராக்கெட்’ என்னும் இயந்திரத்தை வெளியிட்டது. வென்றவருக்கு அது காசையே கக்கியது. வினையும் அங்கேதான் தொடங்கியது. காசு தராத இயந்திரங்கள் இலவச ஆட்டங்களைப் பரிசளித்தன. மதுக்கூடக்காரர் சிலர் அவ்வாட்டங்களுக்கு ஈடாகக் கமுக்கமாகப் பணம் கொடுத்தனர். ஆகவே லகார்டியாவின் குற்றச்சாட்டை முற்றிலும் பொய்யென்று தள்ளிவிட முடியாது. பள்ளிப் பிள்ளைகளின் உணவுக் காசை இவ்வியந்திரங்கள் விழுங்குகின்றன என்றார் அவர். பின்னணியில் குற்றக் கும்பல்கள் உள்ளன என்றார். அன்றிருந்த இயந்திரத்தில் ஆடுவோர் செய்யக்கூடியது, கோலை இழுத்து விடுவதும் பெட்டியைச் சற்றே தட்டுவதும் மட்டுமே. எஞ்சியதெல்லாம் ஆணிகளின் விருப்பம். அதைச் சூது என்று சட்டம் கருதியதில் ஓரளவு பொருள் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் நியூயார்க்கை முந்திக்கொண்டு 1939இலேயே தடை விதித்திருந்தது. விந்தை என்னவென்றால், இவ்வியந்திரங்களின் பிறப்பிடமாகிய சிக்காகோ நகரமே அவற்றைப் பொது இடங்களில் ஆட நெடுங்காலம் இசையவில்லை. ஊரில் செய்யலாம், ஊரில் ஆடலாகாது!

போர் முடிந்தபின் நேர்ந்த ஒரு மாற்றம் வழக்கின் அடிப்படையையே புரட்டிப் போட்டது. 1947இல் காட்லிப் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஹாரி மாப்ஸ், ‘ஹம்ப்டி டம்ப்டி’ என்னும் இயந்திரத்தில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிறு துடுப்புகளைப் பொருத்தினார். ‘பிளிப்பர்’ எனப்படும் இவை, பெட்டியின் பக்கவாட்டிலுள்ள பொத்தானை அழுத்தியதும் துள்ளி எழுந்து பந்தை மீண்டும் மேலே அடிக்கும். அடுத்த ஆண்டே ஜென்கோ நிறுவனத்தின் ஸ்டீவ் கோர்டெக், ஆறு வேண்டா, வலிமை மிக்க இரண்டு போதும் என்று கருதி, அவற்றைப் பலகையின் அடிப்பகுதியில் அமைத்தார். அவரது ‘டிரிப்பிள் ஆக்சன்’ காட்டிய அந்த அமைப்பே நிலைபெற்றது. வீழ்கின்ற பந்தை வேடிக்கை பார்த்து நின்ற மனிதன், அன்றுமுதல் அதனை மறித்து அடிப்பவனாகிவிட்டான். துடுப்பில்லா இயந்திரங்கள் ஓராண்டுக்குள் பழம்பொருளாயின. அவற்றை வைத்திருந்தோர் புதிதாகத் துடுப்புகளை வாங்கிப் பொருத்திப் பிழைக்கப் பார்த்தனர்.

ஆட்டம் மாறியது; சட்டம் மாறவில்லை. இலவச ஆட்டமும் பரிசுதான், பரிசு தரும் இயந்திரம் சூதாட்டக் கருவிதான் என்று சில மாநிலங்கள் வாதிட்டன. அவற்றுக்கெனவே காட்லிப் நிறுவனம் 1960இல் ‘பிளிப்பர்’ என்னும் பெயரிலேயே ஓர் இயந்திரத்தை வெளியிட்டது. வென்றவருக்கு அது புதிய ஆட்டம் தராது. நடக்கும் ஆட்டத்திலேயே கூடுதலாக ஒரு பந்து தரும். நியூயார்க்கில் அந்த வழியும் அடைபட்டே இருந்தது. அங்கு ஒரு தலைமுறை முழுவதும், பின்பால் என்பது ஒளிந்து ஆடும் ஆட்டமாகவே இருந்தது.

1974இல் கலிபோர்னிய மாநில உச்ச நீதிமன்றம் லாஸ் ஏஞ்சலிஸ் தடையைச் செல்லாதென்றது. 1976இல் நியூயார்க்கின் முறை வந்தது. நகரமன்றக் குழுவின் முன் ரோஜர் ஷார்ப் என்னும் இளம் இதழாளர் நிறுத்தப்பட்டார். இது திறன் சார்ந்த ஆட்டமே என்று ஆடிக் காட்டுவது அவர் பொறுப்பு. இரண்டு இயந்திரங்கள் கொண்டுவரப்பட்டிருந்தன. ஒன்று ஆடுவதற்கு, மற்றொன்று அது பழுதானால் உதவுவதற்கு. முதல் இயந்திரத்தில் ஏதேனும் சூழ்ச்சி இருக்குமோ என்று ஐயுற்ற உறுப்பினர் ஒருவர், இரண்டாவதில் ஆடுமாறு பணித்தார். ஷார்ப் அதற்குப் பழக்கப்பட்டவர் அல்லர். ஆயினும் ஆடினார். முகங்கள் இளகவில்லை. இறுதியாக, இழுகோலைத் தாம் இழுத்துவிடும் அளவைக் கொண்டே பந்தை மேற்புறத்தின் நடுவழியில் இறக்குவதாக முன்கூட்டியே அறிவித்தார். இழுத்தார், விட்டார், பந்து சொன்ன வழியில் இறங்கியது. குழு தடையை நீக்க இசைந்தது. அந்த அடியில் நற்பேற்றுக்கும் பங்குண்டு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். திறனை மெய்ப்பித்த ஆட்டத்தையே பேறும் வந்து தாங்கியதென்றால், லகார்டியாவின் ஆவி அதைக் கேட்டு நகைத்திருக்கக்கூடும். வேறு சில ஊர்கள் தங்கள் பழைய ஆணையை ஏட்டில் வைத்துக்கொண்டு மறந்தே போயின. ஓக்லண்ட் நகரம் தனது தடையை முறைப்படி நீக்கியது 2014இல்தான்.

சம்மட்டிக்குத் தப்பிய இயந்திரங்களுக்கு வேறொரு பகை இருந்தது. அதற்குத் தணிக்கையும் இல்லை, தண்டனையும் இல்லை. தொழிலின் இயல்பே அப்பகை. இயந்திரங்களைக் கடைகளில் நிறுத்தி வருவாயைப் பங்கிட்டுக்கொள்ளும் முகவர்கள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதை வாங்கிப் பழையதைத் தள்ளினர். உருவாக்கியவர்களுக்கும் அவை நிலைக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை. வாரத்துக்கு வாரம் காசு ஈட்டும் கருவி, ஈட்டாதபோது விறகு. பல இயந்திரங்கள் உதிரி உறுப்புகளுக்காகக் கழற்றப்பட்டன. பல, ஈரம் கசியும் கிடங்குகளில் செங்குத்தாக அடுக்கப்பட்டு மக்கின. ஐரோப்பாவுக்கு, சிறப்பாகப் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் கப்பலேறியவை அங்கே அடுத்தவர் கைக்கு மாறின. முகக்கண்ணாடி ஓவியங்களைத் தீட்டிய ராய் பார்க்கர் போன்ற கலைஞர்களின் பெயர்கூட அவர்கள் ஓவியத்தின் ஓரத்தில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. எந்த அரும்பொருளகமும் இவற்றை அன்று நாடவில்லை. 1978க்குப் பின் திரை விளையாட்டுகள் பெருகியபோது, பழைய பின்பால் இயந்திரம் இடத்தை அடைக்கும் பாரமாயிற்று.

இந்நிலையில்தான் இல்லத்தார் வந்தனர். அவர்களுள் ஆசிரியர் உண்டு, மின்பணியாளர் உண்டு, தச்சர் உண்டு, ஓய்வுபெற்ற பொறியாளர் உண்டு. சிறுவயதில் எந்தக் கடையில் எந்த இயந்திரம் தம் காசை விழுங்கியதோ, அதனையே தேடி அலைந்தனர் பலர். முகவரின் கொட்டகையிலிருந்து சொற்ப விலைக்கு வாங்கி, தலைப்பெட்டியை வேறாக்கி, கால்களைக் கழற்றி, நூறு கிலோவுக்கும் மேற்பட்ட அந்தச் சுமையை இருவர் மூவராக நிலவறைப் படிகளில் இறக்கினர். 1985 முதல் சிக்காகோவில் ஆண்டுதோறும் கூடிய பின்பால் கண்காட்சி, தனித்தனியே உழன்ற இவர்களைப் பழைய வடிவமைப்பாளர்களோடு நேர்முகமாகச் சேர்த்தது. தொழிற்சாலையில் தம் வேலை மறக்கப்பட்டுவிட்டது என்று நினைத்திருந்த முதியவர்கள், தம் இயந்திரத்தின் கம்பி நிறத்தைக்கூட நினைவில் வைத்திருக்கும் இளைஞர்களை அங்கே சந்தித்தனர்.

வீட்டுக்கு வந்த இயந்திரத்தை உடனே மின்சாரத்தோடு இணைப்பவன் பேதை. பழைய மின்வடத்தில் இரண்டு கம்பிகளே உண்டு. நிலத்தோடு இணைக்கும் மூன்றாவது இல்லை. அதனை மாற்றுவதே முதற்பணி. அடுத்துப் பியூசுகள். காசு ஈட்டும் இயந்திரம் ஒரு மாலைப் பொழுதும் நிற்கலாகாது என்று, அவசரக்காரப் பழுதுபார்ப்போர் அளவுக்கு மிஞ்சிய பியூசைச் செருகியிருப்பர். சில வேளை ஈயத்தாளைச் சுற்றியும் வைத்திருப்பர். கருகிய கம்பி அதற்குச் சான்று கூறும். மூன்றாவது, பந்து. ஏறத்தாழ இருபத்தேழு மில்லிமீட்டர் விட்டமும் எண்பது கிராம் எடையும் உடைய எஃகுக் குண்டு அது. துருவேறிக் குழிவிழுந்த பந்து, உருளுமிடமெல்லாம் மணல்தாள்போல் வண்ணத்தைத் தேய்க்கும். சில டாலர் பெறும் பந்தை மாற்றாததால் விலைமதிப்பற்ற பலகை பாழாவதுண்டு.

1970களின் பிற்பகுதி வரை செய்யப்பட்ட இயந்திரங்களில் மின்னணுச் சில்லு எதுவும் இல்லை. ஆயினும் அவை எண்ணின, நினைவில் வைத்தன, யாருடைய முறை என்றும் அறிந்தன. எவ்வாறு? ஒவ்வொரு மின்காந்தமும் ஒரு சக்கரத்தை ஒரு பல் அளவு நகர்த்தும். சக்கரம் நின்ற இடமே நினைவு. மின்சாரத்தை நிறுத்தினாலும் எண் உருளைகளில் பழைய எண்ணிக்கை அப்படியே நிற்பது இதனால்தான். பெட்டியின் அடியில் சிறு மோட்டார் ஒன்று, பற்கள் வெட்டிய தட்டுகளைச் சுழற்றி, எந்தத் தொடுமுனை எப்போது மூட வேண்டும் என்பதை வரிசைப்படுத்துகிறது.

பழகியோர் அனைவரும் அறிந்த பழுது ஒன்றைச் சான்றாகக் கூறலாம். காசைப் போட்டதும் மோட்டார் சுழலத் தொடங்குகிறது. நிற்கவே மாட்டேன் என்கிறது. ஆட்டமும் தொடங்குவதில்லை. புதியவர் மோட்டாரைக் குறை கூறுவார். உண்மையில் மோட்டார் தன் கடமையைச் செய்கிறது. எல்லா எண் உருளைகளும் சுழியத்துக்கு வந்துவிட்டன என்ற செய்திக்காக அது காத்திருக்கிறது. ஏதோ ஓர் உருளையில், சுழியத்தில் திறக்க வேண்டிய தொடுமுனை திறக்கவில்லை; அல்லது ஐம்பதாண்டு எண்ணெய்ப் பசை தாரைப்போல் இறுகி உருளையைப் பிடித்து வைத்திருக்கிறது. பழுது தலைப்பெட்டியில்; அடையாளம் அடிப்பெட்டியில். தொழிற்சாலை தந்த மின்சுற்று வரைபடத்தை விரித்து, கம்பியின் நிறத்தைப் பின்பற்றி, ஒரு தொடுமுனையிலிருந்து அடுத்ததற்கு விரலை நகர்த்தி நகர்த்தியே இதனைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வரியைப் பதம் பிரித்துப் பொருள் காணும் மாணவனின் பொறுமை இதற்கு வேண்டும். கண்டபின் செய்வதோ மிகச் சிறிய வேலை: பசையைச் சாராயக் கரைப்பானால் துடைத்தல், தொடுமுனையை மெல்லிய அரத்தால் ஒருமுறை வருடுதல், தகட்டை மயிரிழையளவு வளைத்தல். மோட்டார் நிற்கிறது. அந்த அமைதியைக் கேட்பதற்காகவே இரண்டு இரவுகள் செலவிட்டவர் உண்டு. கண்ட இடமெல்லாம் எண்ணெய் ஊற்றுவது தொடக்கநிலையாளரின் பெரும்பிழை. எண்ணெய் தூசியை அழைக்கும். தூசி மீண்டும் பசையாகும்.

துடுப்பின் உள்ளமைப்பும் அறியத்தக்கது. அதன் மின்சுருளில் இரண்டு சுற்றுகள் உள்ளன. தடித்த கம்பிச் சுற்று முழு வலிமையோடு துடுப்பை எறிகிறது. துடுப்பு உச்சியை எட்டியதும் ஒரு தொடுமுனை திறந்து, மெல்லிய கம்பிச் சுற்றையும் மின்வழியில் சேர்க்கிறது, மின்னோட்டம் தணிகிறது, பொத்தானை அழுத்தியே வைத்திருந்தாலும் சுருள் எரிவதில்லை. அந்தத் தொடுமுனை திறக்கத் தவறினால் சில நொடிகளில் புகை கிளம்பும். சரியாக மூடாவிட்டாலோ துடுப்பு சோர்ந்து போகும். பந்து பாதி வழியில் திரும்பிவிடும். 1976இல் மன்றத்தில் வாதிடப்பட்ட மனிதத் திறன் முழுவதும் இந்தத் தகட்டின் நுனியில்தான் நிற்கிறது எனலாம்.

கண்ணீர் வரவழைக்கும் பகுதி முகக்கண்ணாடி. ஓவியம் கண்ணாடியின் பின்புறத்தில் அச்சிடப்பட்டது. வழக்கமான ஓவியத்துக்கு நேர்மாறான வரிசையில், முன்னால் தெரிய வேண்டிய கோடுகள் முதலிலும் அடிவண்ணம் பிறகும், ஒளியை மறைக்கும் பூச்சு கடைசியிலுமாகப் பட்டுத்திரை வழியே பல அடுக்குகளாக இட்டனர். பின்னால் எரியும் விளக்குகளின் சூடும் கிடங்கின் ஈரமும் சேர்ந்து, பல்லாண்டுகளில் அவ்வடுக்குகளைக் கண்ணாடியிலிருந்து பிரிக்கின்றன. அழுக்கென்று எண்ணி ஈரத்துணியால் பின்புறத்தைத் துடைத்தவர், ஒரே வீச்சில் ஓவியத்தையே துடைத்தெடுத்ததுண்டு. எனவே அறிந்தோர் எதையும் துடைப்பதில்லை. எஞ்சியதன்மேல் நிறமற்ற மெருகைத் தெளித்து உறையவைக்கின்றனர். 44 என்னும் எண்ணுள்ள விளக்குகளை அகற்றி, மின்சாரமும் சூடும் குறைந்த 47ஆம் எண் விளக்குகளை இடுகின்றனர். இழந்ததை மீட்க முடியாது, இழப்பை நிறுத்தலாம்.

இங்குத்தான் இத்துறையின் தீராத வழக்கு எழுகிறது. மரப்பலகையில் தீட்டிய ஆடுதளம் துடுப்புகளின் அருகே தேய்ந்து வெறும் மரம் தெரிகிறது. அதை என் செய்வது? ஒருசாரார் பலகையை முழுதும் கழற்றி, தேய்ந்த இடங்களுக்கு வண்ணம் தீட்டி, காருக்குப் பூசும் கடின மெருகைப் பூசி, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளினும் பளபளப்பாக்குகின்றனர். மறுசாரார் கறையை மட்டும் நீக்கி மெழுகிட்டு நிறுத்திவிடுகின்றனர். அந்தத் தேய்வு ஆயிரக்கணக்கான கைகள் ஆடியதன் பதிவு. அதை அழிப்பது ஓலைச்சுவடியின் ஏட்டைத் திருத்தி எழுதுவதற்கு ஒப்பாகும் என்பது அவர்கள் வாதம். வரலாற்று நோக்கில் பின்னவர் கூற்றே வலியது. ஆனால் சுவடிக்கும் இயந்திரத்துக்கும் வேறுபாடு உண்டு. சுவடியைத் தொடாமல் வைத்தால் அது நெடுநாள் வாழும். பின்பால் இயந்திரத்தைத் தொடாமல் வைத்தால் தொடுமுனைகள் கறுக்கும், பசை இறுகும், இரப்பர் வளையங்கள் வெடிக்கும். ஆடினால்தான் அது உயிரோடிருக்கும். ஆட ஆடத் தேயும். மெருகிடாத பழம்பலகையின்மேல் பந்தை ஓடவிடுவது எஞ்சிய வண்ணத்தையும் தின்னக் கொடுப்பதாகும். ஆதலால், கிடைத்தற்கரிய இயந்திரத்தின் மூலப் பலகையையும் கண்ணாடியையும் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, மறுபதிப்புப் பலகையைப் பொருத்தி ஆடுவோரும் இருக்கின்றனர். அப்போது நிலவறையில் நிற்பது எது? பழையதா, புதியதா? இவ்வினாவுக்கு அவர்களுக்குள் ஒருமித்த விடை இல்லை.

1977க்குப் பிந்திய மின்னணு இயந்திரங்களின் துன்பம் வேறு. நினைவைக் காக்கச் சுற்றுப்பலகையிலேயே பற்றவைத்த மின்கலம், கைவிடப்பட்ட ஆண்டுகளில் கசிந்து, காக்க வேண்டிய பலகையையே அரித்துவிடுகிறது. அவ்வகை இயந்திரத்தை வாங்கியவுடன் வேறெதையும் பாராமல் மின்கலத்தை வெட்டி எடுப்பதே நெறி. இயந்திரவகை விளையாட்டின் கடைசிப் பெருவெற்றி 1992ஆம் ஆண்டின் ‘ஆடம்ஸ் பேமிலி’. 20,270 இயந்திரங்கள் விற்றன. காட்லிப் பெயரில் நடந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. வில்லியம்ஸ் நிறுவனம் 1999இல் பின்பால் பிரிவைக் கைவிட்டது. அதன்பின் சில ஆண்டுகள் கேரி ஸ்டெர்னின் நிறுவனம் ஒன்றே இத்தொழிலைப் பெரிய அளவில் தாங்கி நின்றது. ஆலைகள் மூடியபோது அச்சுகளும் வரைபடங்களும் சிதறின. அவற்றை வாங்கிக் காத்தவர்களும், முறிந்த நெகிழி மூடியையும் தேய்ந்த சுருளையும் மறுபடியும் செய்துதரத் தொடங்கியவர்களும் பெரும்பாலும் முன்பு தம் வீட்டு இயந்திரத்துக்கு உறுப்புத் தேடி அலைந்தவர்களே.

சில நிலவறைகள் நிரம்பி வழிந்து பொதுமக்களுக்கும் திறந்தன. டிம் ஆர்னால்டு தாம் சேர்த்த இயந்திரங்களைக் கொண்டு 2006இல் லாஸ் வேகஸ் நகரில் அமைத்த அரங்கில், எதையும் தொடாதீர் என்னும் பலகை இல்லை. காசைப் போட்டு ஆடலாம். கலிபோர்னியாவின் அலமேடா நகரில் உருவான அரும்பொருளகத்தார், பெட்டியும் பலகையும் ஒளி ஊடுருவுமாறு ஓர் இயந்திரத்தைச் செய்தனர். உள்ளே ஒவ்வொரு காந்தமும் துடிப்பதையும் ஒவ்வொரு சக்கரமும் ஒரு பல் நகர்வதையும் சிறுவர் நேரில் காண்கின்றனர். ஒருகாலத்தில் பிள்ளைகளைக் கெடுப்பதாகச் சொல்லி உடைக்கப்பட்ட பொருள், பிள்ளைகளுக்கு மின்னியல் கற்பிக்கும் பொருளாகியிருக்கிறது.

பழைய பெட்டியை முதன்முறை திறப்போர் அதன் அடியில் பலவற்றைக் காண்பர். விளிம்புக்குள் விழுந்த காசுகள், உதிர்ந்த திருகாணிகள், தகடு நிமிர்வதற்காக யாரோ மடித்துச் செருகிய தீப்பெட்டி அட்டை, எலி கடித்த வரைபடம். பக்கச் சுவரின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகளும் இருப்பதுண்டு: ஒரு நாள், மாற்றிய உறுப்பு, அரைகுறைக் கையொப்பம். ஊர் ஊராகச் சென்று காசெடுத்துப் பழுது நீக்கிய முகம் தெரியாத தொழிலாளியின் எழுத்து அது. பெட்டியின் வெளிப்புறத்தை முற்றிலும் புதுப்பிப்போரும் உட்புறத்தின் அவ்வெழுத்தின்மேல் வண்ணம் பூசத் தயங்குவர். சிலர் வேலை முடிந்த இரவில் அதற்குக் கீழே, அதே போன்ற பென்சிலால், தாம் மாற்றிய சுருளையும் அன்றைய நாளையும் எழுதிவிட்டு மூடியைத் தாழிடுகின்றனர்.